வழுக்கை: முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா?

ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுப்பித்த தேசவழமையை அறிந்தோர், நம்மவர் சொத்து மூவகைப்படும் என்பதையும் அறிவர். பெற்றோர் வழியாக வந்தது முதுசம். விவாகத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் இல்வாழ்க்கையில் ஈட்டியது தேடிய தேட்டம். காணிக்கும் நகைக்கும் வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டை, ஆடவர் தலையில் விழும் வழுக்கைக்கும் பொருத்திப் பார்க்கலாமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். வழுக்கை குடும்பவழி வருவதா? வருமாயின் தந்தை தருவதா, தாய் தருவதா? அன்றி, எண்ணெயாலும் தண்ணீராலும் கவலையாலும் நாமே தேடிக்கொள்வதா?

விழாமலரில் எழுதுதற்கு வேறு பொருள் கிடைத்திலதோ என்று நகைப்பார் உளர். அவர்கள் நம் பிரதான மண்டபச் சுவரிலே தொங்கும் பழைய நிழற்படங்களை ஒருமுறை பார்ப்பாராக. கிரிக்கெட் அணியினராகவும் மாணவ முதல்வராகவும் அடர்ந்த சுருள் முடியுடன் நிற்கும் இளைஞர் பலர், இன்று விழாப் பந்தலிலே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவரை அடையாளங் காண்பது அவர்தம் மக்களுக்கே அரிதாகின்றது. ஆனால் ஒரு செய்தி: அதே படத்தில் அவரோடு தோளுரசி நின்ற வேறு சிலர் தலையில் இன்றும் ஒரு மயிர் குறைந்திலது. ஒரே விடுதியில் உண்டு, ஒரே கிணற்றில் முழுகி, ஒரே வெயிலில் விளையாடியோர் இவர்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நகைப்புக்குரியது என்று ஒதுக்குதற்கில்லை என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், விவாத அணியில் முதற் பேச்சாளனாய் நின்றவன், ஒரு தவணை முழுதும் மேடை ஏற மறுத்தான். நெற்றியின் இரு ஓரமும் மேலேறத் தொடங்கியமையே காரணமென்று பின்னர் அறிந்தோம். பிரத்தியேக வகுப்புக் கட்டணத்தை எடுத்துப் பெயரறியாத தைலமொன்றை வாங்கியுமிருந்தான். "சேர், அம்மாவின் அப்பாவுக்கு முழு மொட்டை. எனக்கும் வந்துதான் தீருமோ?" என்பது அவன் கேட்ட கேள்வி. மற்றோர் இல்லத்திலே, பேரனின் தலையைத் தடவிய மாமியார் மருமகளை நோக்கி, "உன்ரை அப்பற்றை மொட்டைதான் என்ரை பேரன்ரை தலையிலை வந்து விழுந்திருக்குது" என்று குற்றஞ் சாட்டியதையும் நாம் நேரிற் கேட்டதுண்டு. கலியாணம் பேசச் சென்றோர் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்ததோடு அமையாது, அவர் தாய்மாமனின் தலையையும் பார்த்துத் திரும்பினர் என்ற செய்தியும் நம் ஊர்களுக்குப் புதிதன்று. ஒரு நம்பிக்கையை வைத்துப் பிள்ளையின் ஊக்கமும் மருமகளின் மதிப்பும் அளக்கப்படுமாயின், அந்நம்பிக்கை எத்துணை உண்மை என்று பார்த்தல் ஆசிரியர் கடன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். வழுக்கை என்பது வழுக்குதல் என்னும் வினையின் வழி வந்த பெயர். இளநீருள் இருக்கும் மெல்லிய பருப்புக்கும் அதுவே பெயர். மொட்டை வேறு, வழுக்கை வேறு. நேர்த்திக்கடனுக்கு மழிக்கப்பட்ட தலை மொட்டை, அது வளரும். வழுக்கை தானே விழுவது. புழுவெட்டு இவ்விரண்டினும் வேறானது. காசளவு வட்டமாகத் திடீரென மயிர் உதிரும் அந்நோய்க்கும் புழுவுக்கும் யாதொரு தொடர்புமில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மயிர்வேரையே பகையென்று கருதித் தாக்குவதால் வருவது அது. தைபோயிட்டு, டெங்கு போன்ற கடுங் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதங் கழித்துத் தலை முழுதும் மயிர் கொட்டுவதும், இரும்புச்சத்துக் குறைவாலும் தைரொயிட்டுச் சுரப்பிக் கோளாற்றாலும் மயிர் மெலிவதும் வேறு வகையின. இவை மருத்துவத்துக்கு உரியவை. பெரும்பாலும் திரும்ப வளர்பவை. நாம் இங்கு பேசுவது, நெற்றியோரத்திலும் உச்சியிலும் தொடங்கி, பிடரியையும் காதோரத்தையும் விட்டுவிட்டு, ஓர் ஒழுங்கில் முன்னேறும் ஆடவர் வழுக்கையைப் பற்றி மட்டுமே. இவ்வொழுங்கை 1951இல் ஹமில்ற்றன் என்பார் படிப்படியாக வகுத்தார். 1975இல் நோர்வூட் அதனைத் திருத்தி ஏழு நிலைகளாக அமைத்தார். இன்றும் வைத்தியர் கையாள்வது அதுவே.

மயிர் எவ்வாறு குறைகின்றது என்பதிற் பலர்க்கும் மயக்கம் உண்டு. தலையிலே ஏறக்குறைய ஓர் இலட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தோலினுள் ஒரு சிறு பையில், அதாவது மயிர்ப்புடைப்பில், வேரூன்றி இரண்டு தொடக்கம் ஆறு ஆண்டுவரை மாதத்துக்கு ஒரு சதமமீற்றர் அளவில் வளரும். பின் மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து உதிரும். அதே புடைப்பிலிருந்து புதிய மயிர் முளைக்கும். நாள்தோறும் ஐம்பது, நூறு மயிர் சீப்போடு வருதல் யார்க்கும் இயல்பு. வழுக்கை விழும் தலையில் நடப்பது யாதெனின், ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறுகுகின்றது, புடைப்புச் சிறுக்கின்றது, கருத்துப் பருத்த மயிருக்குப் பதிலாக முன்னையதினும் மெலிந்த மயிர் முளைக்கின்றது, ஈற்றில் குழந்தையின் கன்னத்திலுள்ள பூமயிர் போன்றதொன்றே எஞ்சுகின்றது. ஆகவே வழுக்கையென்பது உதிர்தலின் மிகுதியன்று, முளைத்தலின் மெலிவு. தலையணையிற் கிடக்கும் மயிரை எண்ணி எண்ணித் துயருறுவோர் இதனை அறிதல் நன்று.

இதற்குத் தண்ணீர் காரணமென்பார் பலர். யாழ்ப்பாணத்தார் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் குறைகூறுவர். கொழும்பிலே தொழில் பார்ப்போர் அங்குள்ள குழாய்த் தண்ணீரைக் குறைகூறுவர். நீர்தான் காரணமெனின், அதே நீரில் முழுகும் சகோதரிக்கு ஏன் வழுக்கை விழவில்லை? உச்சியில் வார்த்த நீர் பிடரி வழியாகத்தானே வழிகின்றது. பிடரி மயிர் ஏன் நிலைத்துநிற்கின்றது? தொப்பி, எண்ணெய் வையாமை, அரப்பை விட்டுச் சவர்க்காரம் பூசியமை என்று கூறப்படும் எல்லாக் காரணங்களுக்கும் இவ்விரு வினாக்களையே விடுக்கலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதல் என்ற பழமொழி இவ்விடத்திற்குப் பொருந்துமளவு வேறெவ்விடத்திற்கும் பொருந்தாது.

பிடரி மயிர் ஏன் நிற்கின்றது என்பதற்கு விடை 1959இல் நியூயோர்க்கிலிருந்து வந்தது. ஓரென்றைக் என்னும் தோல் வைத்தியர் பிடரித் தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து வழுக்கை விழுந்த உச்சியிலே நட்டார். நடப்பட்ட மயிர்கள் புதிய இடத்தின் இயல்பை ஏற்காது, தாம் பிறந்த இடத்தின் இயல்போடே வளர்ந்தன. பிறப்பிலே பெற்ற இயல்பு ஒவ்வொரு புடைப்பினுள்ளும் பொறிக்கப்பட்டுள்ளது; நிலத்திலன்று, நாற்றிலே உள்ளது வேறுபாடு என்க.

இனி, ஆடவர்க்கே இது ஏன் பெரிதும் வருகின்றது? பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோர் வழுக்கையடைவதில்லை என்பதைக் கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவரே கண்டிருந்தனர். அரிசுத்தோத்தலும் அதனை எழுதியுள்ளார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1942இல், முற்கூறிய ஹமில்ற்றன் என்னும் அமெரிக்க உடலமைப்பியலறிஞர் இதனைச் சோதனையால் நிறுவினார். விதை இயங்காதவராய், தலைநிறைந்த மயிருடையவராய் இருந்த ஆடவர் சிலர்க்கு ஆண் ஓமோனாகிய தெஸ்தொஸ்தரோனை ஊட்டினார். குடும்பத்தில் வழுக்கையுடையார்க்கு வழுக்கை விழத் தொடங்கிற்று. அஃதில்லார் பலர்க்கு விழவில்லை. ஊட்டுதலை நிறுத்தியதும் வழுக்கை முன்னேறாது நின்றது. போன மயிர் மீளவில்லை.

இச்சோதனையை நம் மாணவர் ஊன்றி நோக்கவேண்டும். காரணம் ஒன்றா, இரண்டா என்று வினவினால், இரண்டும் வேண்டும் என்பதே விடை. ஓமோன் இன்றிக் குடும்ப இயல்பு வாளாவிருக்கும். குடும்ப இயல்பு இன்றி ஓமோன் யாதும் செய்யாது. விதையும் வேண்டும், மழையும் வேண்டும். இதனாலேயே, வழுக்கைக்குரிய இயல்பைத் தாங்கிய பெண் தன் தலையில் அதனைப் பெரிதுங் காட்டாது தன் மகனுக்குக் கடத்துகின்றாள். பெண்டிர்க்கும் முதுமையில் உச்சி மயிர் அடர்த்தி குறைவதுண்டாயினும் ஆடவரைப்போல் வெறுந்தலையாவது அரிது. மற்றொரு மயக்கமும் ஈண்டு நீங்கும். வழுக்கையர்க்கு ஆண் ஓமோன் மிகுதி என்று சிலர் பெருமையாகவும் சிலர் ஏளனமாகவும் பேசுவர். மிகுதி அன்று, இயல்பான அளவு ஓமோனுக்கே அவர்தம் புடைப்புக்கள் மிகுதியாக இணங்குகின்றன என்பதே உண்மை.

அவ்வோமோனும் நேரே தொழிற்படுவதில்லை. தோலிலுள்ள நொதியம் ஒன்று அதனை வலிமைமிக்க இருஐதரோதெஸ்தொஸ்தரோனாக மாற்றுகின்றது. 1974இல் தொமினிக்கன் குடியரசிலே, அந்நொதியம் பிறவியிலேயே குறைந்த குடும்பங்கள் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அக்குடும்பங்களிற் பிறந்த அத்தகைய ஆண்மக்கள் முதிர்ந்தபின்னும் நெற்றி ஏறாதிருந்தனர். இதே ஓமோன் முகத்திலே தாடியை வளர்க்கின்றது, தலையிலே மயிரை மெலிவிக்கின்றது. ஒரே மாமன் மூத்த மருமகனுக்குக் கொடுத்து இளைய மருமகனிடம் பறித்தாற்போன்ற இம்முரண் எவ்வாறு எழுகின்றது என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகின்றது.

இனிக் குடும்ப இயல்புக்கு வருவோம். 1916இல் டொறதி ஒஸ்போண் என்னும் அமெரிக்கப் பெண்மணி 22 குடும்பங்களை ஆராய்ந்து, வழுக்கை ஒற்றைப் பரம்பரையலகால் வருவது, ஆடவரிடத்து ஆட்சியானது, பெண்டிரிடத்துப் பின்னிடைவானது என்று முடிவு கூறினார். பட்டாணியை வைத்து மெண்டல் கண்ட விதிகள் அறிஞருலகில் மீளக் கண்டறியப்பட்ட புதிதிலே எல்லாவற்றையும் ஒற்றை அலகுக்குள் அடக்கும் ஆவல் இயல்பாயிருந்தது. பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் இதனையே சொல்லிவந்தன. மக்கள் வழக்கோ வேறொன்றைச் சொல்லிற்று: தாயின் தகப்பன் தலையைப் பார், உன் தலை தெரியும் என்பது அது. இரண்டும் முழு உண்மையல்ல. எனினும் இரண்டாவதில் ஒரு மெய் புதைந்திருந்தது.

மனிதர் கலத்தில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள. அவற்றுள் ஒரு சோடி பால் வேற்றுமைக்குரியது: பெண்ணிடத்து எக்ஸ் இரண்டு, ஆணிடத்து எக்ஸ் ஒன்று, வை ஒன்று. மகனுக்குத் தந்தை வையைக் கொடுக்கின்றார்; ஆகவே மகனிடமுள்ள எக்ஸ் தாய் தந்தது மட்டுமே. ஆண் ஓமோனை ஏற்றுப் புடைப்பினுள் அதன் கட்டளையை நிறைவேற்றும் வாங்கி ஒன்றுண்டு; அவ்வாங்கியை ஆக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்திலேயே அமைந்துள்ளது. 2001இல் அவுஸ்திரேலியாவிலே எலிஸ் முதலியோர் இவ்வலகின் ஒரு வடிவத்தைத் தேடினர். இளமையிலேயே வழுக்கையடைந்த 54 பேருள் ஒருவர் நீங்கலாக ஏனையோரிடத்தும், வயது முதிர்ந்த வழுக்கையர் 392 பேருள் நூற்றுக்கு 92.3 வீதத்தினரிடத்தும் அது காணப்பட்டது. 2005இல் ஜேர்மனியின் பொண் நகர் அறிஞரும் இளமை வழுக்கைக்கு இவ்வலகே தலைமையானது என்று கண்டனர்.

அற்றேல், மாமியார் கூற்று மெய்யாயிற்றன்றோ எனின், அற்றன்று. 2001ஆம் ஆண்டு ஆய்விலேயே, வழுக்கையில்லாத ஆடவர் 107 பேரும் சோதிக்கப்பட்டனர். அவருள் நூற்றுக்கு 76.6 வீதத்தினரிடத்தும் அதே வடிவம் இருந்தது! நாலில் மூவர் அதனைத் தாங்கியும் தலைநிறைந்த மயிரோடு இருந்தனர். இவ்வெண்ணை விட்டுவிட்டு முன்னையதை மட்டும் எடுத்துரைத்தால் பொய்யான முடிபே பிறக்கும். ஓர் எண்ணைக் காட்டுவோரிடம் அதற்கு இணையான மறுபக்க எண்ணையும் கேட்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் வகுப்பிற் பயன்படுத்தியதில்லை. அவ்வடிவம் ஏறக்குறையத் தேவையானது, ஆயினும் போதுமானதன்று.

தாயின் தகப்பனுக்கு மயிர் அடர்ந்திருக்க, பேரனுக்கு வழுக்கை விழுந்ததே, அஃதெங்ஙனம் எனின், தாயிடம் எக்ஸ் இரண்டு என்பதை மறத்தலாகாது. ஒன்று அவள் தந்தை தந்தது. மற்றது அவள் தாய் தந்தது. மகனுக்குச் செல்லும் எக்ஸ் இவ்விரண்டும் கலந்து அமைவது. ஒரு குறித்த அலகு பாட்டனிடமிருந்து வருதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பும், பாட்டியிடமிருந்து வருதற்கு இரண்டில் ஒரு வாய்ப்புமே உள. பாட்டி வழுக்கையியல்பைத் தாங்கியிருந்தும் அவள் தலை அதனைக் காட்டாது. ஒரே வயிற்றிற் பிறந்த சகோதரர் இருவருள் ஒருவன் வழுக்கையனாகவும் மற்றவன் அல்லனாகவும் இருத்தற்கும் இது ஒரு காரணம்: தாயின் இரண்டில் எது யாருக்கு என்பது ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாக விழும் சீட்டு. தேசவழமையிலே சீதனம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். எக்ஸ் வழியாக வரும் இச்சீதனமோ மகனையும் சாருகின்றது. சட்டவறிஞர் பொறுத்தருள்க.

நம் உறவுமுறையார் இவ்விடத்து ஒன்றைக் கருத்திற் கொள்ளலாம். மச்சான் மச்சாள் விவாகம் நம்மவரிடை நெடுங்காலம் விரும்பப்பட்டது. ஒருவர் தம் அம்மான் மகளை மணந்தாரெனக் கொள்வோம். அவர் எக்ஸ் அவர் தாயிடமிருந்து வந்தது. அம்மானின் எக்ஸ், அத்தாயையும் அம்மானையும் பெற்ற மூதாட்டியிடமிருந்து வந்தது. ஆகவே கணவரின் எக்ஸிலுள்ள ஒரு குறித்த அலகும் அம்மானின் எக்ஸிலுள்ள அதே அலகும் அம்மூதாட்டியிடமிருந்து வந்த ஒன்றாகவே இருத்தற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அம்மானிடமுள்ள அலகு மகள் வாயிலாகப் பேரனை அடைதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. பெருக்கினால் எட்டில் ஒன்று. தந்தை தம் எக்ஸை மகனுக்குக் கொடாதிருந்தும், தந்தையின் அலகே சுற்றுவழியாக மகனை வந்தடைகின்றது. பார்ப்பவர் தகப்பனைப்போல மகன் என்பர், வந்ததோ தாய்வழி. ஆனால் அவர் தம் மாமி மகளை, அதாவது தந்தையின் சகோதரி மகளை, மணந்திருப்பாராயின் இச்சுற்றுவழி இல்லை. அவர் எக்ஸ் தாயினுடையது. மாமியோ தந்தையின் குடும்பத்தாள். ஊர்வழக்கில் இரு மச்சாள்மாரும் ஒரே உரிமையுடையவர். எக்ஸ் நிறமூர்த்தத்தின் கணக்கில் அவர் வேறு வேறு.

இதுகாறும் சீதனத்தைக் கண்டோம். முதுசம் உண்டா? எக்ஸ் ஒன்றே காரணமாயின், முற்கூறிய உறவு விவாகங்களை நீக்கினால், தந்தைக்கும் மகனுக்கும் வழுக்கையில் ஒற்றுமை காணப்படுதற்கு இடமில்லை. ஆனால் 1998இலேயே மேற்கூறிய அவுஸ்திரேலிய அறிஞர் 828 குடும்பங்களுள் ஆராய்ந்தபோது, தந்தைக்கும் மகனுக்குமிடையே வலிய ஒற்றுமை இருத்தலைக் கண்டனர். ஒஸ்போண் கூறிய ஒற்றை அலகு விதிக்கும் அது பொருந்தவில்லை. பல அலகுகள் கூடிச் செய்யும் காரியம் என்றே கொள்ளவேண்டியதாயிற்று. தந்தை தருவது எங்கே உள்ளது என்பது 2008இல் வெளிப்பட்டது. இரு வேறு ஆய்வுக் குழுவினர் ஒரே ஆண்டில், இருபதாம் நிறமூர்த்தத்தில் ஓரிடத்தைச் சுட்டினர். இது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஐரோப்பிய வழியினருள் ஏழு ஆடவரில் ஒருவர் எக்ஸிலும் இருபதிலும் உள்ள ஈரிடத்து வடிவங்களையும் ஒருங்கே தாங்குகின்றார் என்றும், அத்தகையோர்க்கு வழுக்கை வாய்ப்பு ஏழு மடங்கு மிகும் என்றும் கணக்கிட்டனர்.

அதன்பின் எண்கள் பெருகின. 2017இல் பிரித்தானிய ஆடவர் 52,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த எடின்பறோ அறிஞர் வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டனர். அவற்றுள் 40 எக்ஸில் உள்ளவை, எஞ்சிய 247 ஏனைய நிறமூர்த்தங்களில் உள்ளவை. 2018இல் இரண்டு இலட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 600க்கு மேற்பட்ட இடங்களைக் காட்டிற்று. எக்ஸில் உள்ளவை சிலவாயினும் தனித்தனியே வலியவை. ஏனையவை பலவாய், தனித்தனியே மெலியவை. ஆகவே தாய்வழிப் பாட்டன் ஒருவரின் தலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுதல், பத்துப் பாடத்திலே ஒன்றின் புள்ளியைப் பார்த்துச் சித்தி கூறுதலை ஒக்கும்.

தேடிய தேட்டத்துக்கு இடமேயில்லையா? இதனை அறிதற்கு இரட்டையரே சிறந்த அளவுகோல். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் பரம்பரையலகுகள் யாவற்றிலும் ஒத்தவர். இரு கருவிற் பிறந்த இரட்டையர் பாதியளவே ஒத்தவர். இருசாராரும் ஒரே வீட்டில் ஒரே உணவுண்டு வளர்பவர். 2003இல் அவுஸ்திரேலியாவிலே 25 தொடக்கம் 36 வயதுவரையுள்ள ஆண் இரட்டையரை, முதல்வகையில் 476 சோடியும் இரண்டாம் வகையில் 408 சோடியும், ஒப்புநோக்கினர். ஆடவரிடையேயுள்ள வழுக்கை வேறுபாட்டில் நூற்றுக்கு 81 பங்கு பரம்பரை வேறுபாட்டால் விளைவது என்று கண்டனர். டென்மார்க்கிலே 2005இல் முதியோரை ஆராய்ந்தோரும் 79 என்றனர். இதன் பொருளைப் பிழைபட உணர்தல் எளிது. ஒருவர் தலையில் விழுந்த நூறு மயிரில் 81 பெற்றோரால், 19 தம்மால் என்பது இதன் பொருளன்று. அக்கூட்டத்து ஆடவர் ஒருவரினின்றும் ஒருவர் வேறுபடும் அளவைப் பகுத்தால் கிடைக்கும் விகிதமே அது. எஞ்சிய ஐந்திலொரு பங்கிலே நாம் தேடுவதும் அடங்கும். 2007இல் தாய்வானில் வெளிவந்த ஆய்வொன்று புகைப்பிடிப்போரிடத்து வழுக்கை மிகுதியாய் இருத்தலைக் காட்டிற்று. புகையை விடுதற்கு இதனினும் வலிய காரணங்கள் பல உண்டெனினும், நுரையீரலுக்கு அஞ்சாத இளைஞர் சிலர் நெற்றிக்கு அஞ்சக் கண்டிருக்கின்றோம்.

நாம் மேலே காட்டிய எண்களிற் பெரும்பாலன ஐரோப்பிய வழியினரை ஆராய்ந்து பெற்றவை. அவர்களுள் ஐம்பது வயதளவில் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு வழுக்கை தோன்றுகின்றது. சீனரிடத்தும் கொரியரிடத்தும் குறைவு. நம்மவர் குறித்த ஆய்வு சிலவே. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பிஷான் பகுதியிலே செய்யப்பட்ட சிறு ஆய்வில், நெற்றி சற்றே ஏறியவரையும் சேர்த்து எண்ணியபோது, இந்திய வழியினருள் நூற்றுக்கு 87 பேரும் சீனருள் 61 பேரும் அவ்வாறிருந்தனர். ஒரு வட்டாரத்துச் சிறு தொகை அது. நம் ஊர் முழுவதற்கும் அளவையாகாது. ஆயினும் வழுக்கை நம்மிடை அரிய குறை அன்று, பெரும்பான்மையோர் வழி என்பதைச் சுட்டவேனும் அது போதும். பெரும்பான்மையோர்க்கு வரும் ஒன்றை வைத்து ஒரு வீட்டுப் பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் எவ்வாறு தகும்?

அம்மாணவன் வினாவுக்கு நாம் கூறிய விடை இது: பாட்டனுடைய தலை ஒரு குறிப்பே, தீர்ப்பன்று; தந்தையின் தலையும் சிற்றப்பன், பெரியப்பன் தலைகளும் குறிப்புக்களே; எல்லாவற்றையும் கூட்டினும் துணிபு கிட்டாது. 287 இடங்களையும் கணக்கிட்ட ஆய்விலேயே, மிகக் கூடிய புள்ளி பெற்ற பத்திலொரு பகுதியினருள் வழுக்கை நடுத்தரமாகவேனும் மிகுதியாகவேனும் விழுந்தோர் நூற்றுக்கு 58 பேர்தாம். அரைப்பங்கினும் குறைந்த புள்ளி பெற்றோருள்ளும் நூற்றுக்கு 14 பேர்க்குக் கடும் வழுக்கை விழுந்திருந்தது. ஆய்வுகூடத்து அளவுகோலே இவ்வளவு தளருமாயின், கலியாணத் தரகரின் கண்ணளவு எம்மட்டு?

மருந்தைப் பற்றி இறுதியாக ஒருசொல். பயன் நிறுவப்பட்டவற்றுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது மினொக்சிடில், குருதியழுத்தத்துக்கென ஆக்கப்பட்டது, உண்டோர்க்கு மயிர் வளரக் கண்டு, தலையிற் பூசும் நீர்மமாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டாவது பினாஸ்ரறைட், முற்கூறிய நொதியத்தை அடக்குவது, தொமினிக்கன் குடும்பங்களைக் கண்டதன் பயனாய்ப் பிறந்தது, வழுக்கைக்கென 1997இல் அனுமதிக்கப்பட்டது. இது பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு உரியதன்று. இல்வாழ்க்கையையும் மனநிலையையும் தாக்கும் பக்கவிளைவுகள் சிலர்க்கு நேர்வதுண்டு. கருவுற்ற பெண்டிர் உடைந்த மாத்திரையைத் தொடுதலும் ஆகாது. வைத்தியரைக் காணாது கடையிலே கேட்டு வாங்குதற்கு உரிய பொருளல்ல. பெயர்ச்சீட்டில்லாத தைலங்களோ தடவுவோன் கைக்கு வேலை கொடுப்பன. தலைக்குக் கொடுப்பது குளிர்ச்சி. அனுமதி பெற்ற இரண்டுங்கூடப் பரம்பரையலகை மாற்றுவதில்லை. மெலிதலைத் தடுத்து நிறுத்திவைப்பனவே. மாதக்கணக்கிற் பொறுத்துப் பயன்படுத்தினாலன்றிப் பயன் தெரியாது. நிறுத்திய சில மாதங்களில் மயிர்ப்புடைப்புக்கள் தம் பழைய வழிக்கே திரும்பும்.